பயண ட்ரைபாட்: பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு அளவுகள்

கேமராவை நிறுத்தும் முக்காலியான ட்ரைபாடின் பெட்டி மேல் எடை, மடக்கிய நீளம், தாங்கும் பாரம் ஆகிய மூன்றையும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பயணத்துக்கு வாங்குபவர் முதலில் தேட வேண்டியவை இவை அல்ல. நடுத்தண்டை (மூன்று கால்களுக்கு நடுவே மேலேறும் குழாய்) உயர்த்தாதபோது உயரம் எவ்வளவு, காலின் கடைசி அடுக்கு (தரையைத் தொடும் குழாய்) எவ்வளவு பருமன் என்ற இரண்டைத்தான் தேட வேண்டும். படம் கூர்மையாக வருவதை இவைதான் தீர்மானிக்கின்றன.

‘அதிகபட்ச உயரம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் நடுத்தண்டை முழுக்க ஏற்றி அளந்தது. தண்டை ஏற்றிவிட்டால் கேமரா நிற்பது மூன்று கால்களின் மேல் அல்ல, ஒற்றைக் குழாயின் நுனியில். லேசான காற்றே அதை ஆட்டிவிடும். பீக் டிசைன் டிராவல் ட்ரைபாடின் முழு உயரம் 152 செ.மீ.; தண்டை இறக்கினால் 130. மான்ஃப்ரோட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டில் 150 என்பது 127 ஆகிறது. எந்த மாடலை எடுத்தாலும் இந்த இரண்டாவது எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள்.

அந்த எண் எவ்வளவு இருந்தால் போதும்? 165 செ.மீ. உயரமுள்ளவரின் கண்மட்டம் ஏறக்குறைய 153. கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வரை 8 செ.மீ. கழித்தால், குனியாமல் பார்க்க ஹெட்டின் (கால்களின் மேல் கேமராவைத் தாங்கும் பகுதி) மேற்பரப்பு 145 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மடக்கினால் 40 செ.மீ.க்குள் அடங்கும் ட்ரைபாட் எதுவும் தண்டை ஏற்றாமல் அந்த உயரத்தை எட்டுவது அரிது. கேமராவின் திரை மேல்நோக்கித் திரும்புமானால் 125 முதல் 130 வரை போதும். திரை திரும்பாத கேமரா என்றால், அல்லது மலைச்சரிவில் அதிகம் எடுப்பவர் என்றால், மடக்கிய நீளம் 45 அல்லது 48 ஆனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சரிவில் கீழ்ப்பக்கக் காலுக்கு எப்போதும் கூடுதல் நீளம் வேண்டும்.

அடுத்தது காலின் பருமன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் என்பதால் ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட 3 அல்லது 4 மி.மீ. மெலியும். மேல் குழாய் 25 மி.மீ. என்றால் நான்காவது அடுக்கு 14 அல்லது 15 மி.மீ.யில் வந்து நிற்கும். அதே குழாயை ஐந்து அடுக்காக்கினால் கடைசிக் கால் 11 மி.மீ. அளவுக்குப் போய்விடும், அடுக்குகளை இறுக்கி நிறுத்தும் பூட்டுகளும் ஒரு காலுக்கு ஒன்று கூடும், ஒவ்வொரு பூட்டும் ஆட்டத்துக்கு இடம் தரும். வட்டக் குழாயாக இல்லாத சில வடிவமைப்புகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் என்றாலும், பெரும்பாலோருக்கு நான்கு அடுக்கே சரி. ஐந்து அடுக்கு வாங்கினால் கடைசி அடுக்கை அவசரத்துக்கு மட்டும் இழுங்கள். காலை நீட்டும்போதெல்லாம் தடித்த அடுக்கிலிருந்து தொடங்குவதே வழக்கமாக இருக்கட்டும்.

தாங்கும் பாரத்தை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொது முறை கிடையாது. ‘8 கிலோ’ என்றால் 8 கிலோவில் உடையாது என்று பொருளே தவிர, ஆடாது என்று பொருள் இல்லை. கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையின் மூன்று மடங்காவது அந்த எண் இருக்கட்டும். 70-200 மி.மீ. போன்ற நீள லென்ஸ் உண்டென்றால் கேமராவை அல்ல, லென்ஸின் காலரை (லென்ஸைச் சுற்றியுள்ள பிடி வளையம்) ஹெட்டில் மாட்ட வேண்டும்.

கால்கள் அலுமினியமா, கார்பன் இழையா? பீக் டிசைனின் அலுமினிய மாடல் 1.56 கிலோ, கார்பன் 1.27 கிலோ. வித்தியாசம் 300 கிராம் கூட இல்லை. விலை வித்தியாசம் பெரிது. கார்பனில் அதிர்வு சீக்கிரம் அடங்கும், குளிரில் தொட்டால் கை சில்லிடாது. ஆனால் பலமான அடி பட்டால் நசுங்காமல் விரிசல் விடும். நாள் முழுக்கத் தோளில் சுமந்து மலையேறுபவருக்குக் கார்பன். காரிலும் ரயிலிலும் போகிறவர் அலுமினியம் வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல ஹெட்டில் போடலாம்.

பந்தின் மேல் எந்தப் பக்கமும் திரும்பும் பால் ஹெட்டில் அந்தப் பந்தின் விட்டம் 30 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கேமராவை மாட்டும் பிளேட் ஆர்கா-ஸ்விஸ் (பல நிறுவனங்கள் பின்பற்றும் பிளேட் வடிவம்) வகையாக, ஏறக்குறைய 38 மி.மீ. அகலத்தில் இருந்தால் பின்னாளில் வேறு நிறுவனத்தின் பிளேட்டும் பொருந்தும். காலோடு ஹெட்டை இணைக்கும் திருகு 3/8 அங்குலமா என்று கேளுங்கள். அப்படியென்றால் ஹெட்டை மட்டும் மாற்ற முடியும். மூன்று கால்களையும் நடுவில் பட்டைகளால் இணைத்த மலிவு ட்ரைபாட் வேண்டவே வேண்டாம். பாறையிலும் படிக்கட்டிலும் ஒவ்வொரு காலையும் தனித்தனிக் கோணத்தில் வைக்க அதில் வழி இல்லை.

கடைக்கு உங்கள் கேமராவையே எடுத்துப் போங்கள். கால்களை முழுக்க நீட்டி, தண்டை இறக்கி, கேமராவை மாட்டி, லைவ் வியூவை (திரையில் தெரியும் நேரடிக் காட்சி) 10 மடங்கு பெரிதாக்குங்கள். ஒரு காலை விரலால் தட்டினால் படம் குலுங்கும். அது 2 விநாடிக்குள் அடங்க வேண்டும். பிறகு லென்ஸைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஹெட்டை இறுக்கிக் கையை எடுங்கள். திரையில் தெரியும் காட்சி மெல்ல நழுவினால் அந்த ஹெட் உங்கள் லென்ஸுக்குப் போதாது. கடைசியாக, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஏதாவது அடுக்கு உள்ளே இறங்கினால், பூட்டை இன்னும் இறுக்கிய பிறகாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

பயன்படுத்தும் இடத்தில், காற்று அடித்தால் தண்டின் கொக்கியில் பையை மாட்டுங்கள். பை அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே ஆட்டத்தைக் கூட்டும், ஆகவே அதன் அடிப்பாகம் தரையைத் தொடட்டும். 2 விநாடி டைமர் வைத்து எடுங்கள். கேமராவின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) அணைத்து ஒன்று, அணைக்காமல் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் உங்கள் கேமராவுக்கு எது பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

விமானத்தில் கைப்பையோடு ட்ரைபாடை அனுமதிப்பது பாதுகாப்புச் சோதனை அதிகாரியின் கையில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றித் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வைத்துவிடுவது நிம்மதி. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். இதைத் தெரியாமல் போய் வாசலில் திரும்பியவர்கள் நிறைய.

தனுஷ்கோடி போன்ற கடற்கரை மணலில் மட்டும் கால் நீட்டும் வரிசையை மாற்றுங்கள். மெல்லிய கடைசி அடுக்கை முதலில் முழுக்க இழுத்துவிட்டால் பூட்டு மணலுக்கும் அலைக்கும் மேலே நிற்கும். திரும்பியதும் எல்லா அடுக்குகளையும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே மடக்குங்கள். திருப்பும்போது பூட்டில் நறநறவென்று சத்தம் கேட்டால் மணல் உள்ளே போயிருக்கிறது. பூட்டின் வளையத்தை முழுக்கக் கழற்றிக் குழாயை உருவினால் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் வெளியே வரும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழுவுங்கள். கிரீஸை மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பட்டைகளில் பட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கால் வழுக்கி இறங்கும்.