ஒராங்குட்டான் காட்டில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

குட்டியைத் தூக்கக் கூடாது, தீனி போடக் கூடாது என்பதையெல்லாம் போர்னியோவுக்கு வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள மத்திய கலிமந்தானின் பீட் காடுகளுக்கு, அதாவது சதுப்பு நிலக் காடுகளுக்கு, ஒராங்குட்டான் பாதுகாப்புப் பணிக்கு வரும் இளைஞர்கள், நான் செய்த பிழைகளையே அதே உற்சாகத்தோடு செய்வதைக் கண்டுதான் இதை எழுதுகிறேன்.

கூடுகளை எண்ணி மகிழ்தல்

ஒராங்குட்டான் பெரும்பாலும் இரவுதோறும் புதுக் கூடு கட்டும். பழைய கூடு மாதக்கணக்கில் கிளையில் நிற்கும். ஆகவே கூடுகள் நிறைய இருந்தால் ஒராங்குட்டான்களும் நிறைய இருக்கின்றன என்று பொருளல்ல. ஒரு தாய் அடுத்த குட்டியை ஈன ஏழெட்டு ஆண்டுகள் ஆகும் என்பதால், மூன்றாண்டுத் திட்டத்தில் எண்ணிக்கை பெருகியதாகத் தெரிந்தால் முதலில் கணக்கைச் சரிபாருங்கள்.

ஊராரைக் கேட்காமல் கால்வாயை அடைத்தல்

1996-இல் தொடங்கிய பத்து லட்சம் ஹெக்டேர் நெல் திட்டத்துக்காக இங்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை, ஆனால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதும் மக்காமல் கிடந்த இலையும் மரமுமான பீட் மண்ணிலிருந்து நீர் வடிந்து, 1997-இலும் 2015-இலும் நிலமே எரிந்தது. நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்று 2014-இல் இந்தோனேசிய அரசு விதி வகுத்தது. ஆகவே நீர் வடியாமல் இருக்கக் கால்வாயில் அணை கட்டுவதில் தவறில்லை.

எங்கள் குழு வரைபடத்தில் இடம் குறித்து, கெலாம் மரக் கம்பங்களை இரண்டு வரிசையாக அடித்து, நடுவே பீட் மூட்டைகளை அடுக்கி, மூன்று வாரத்தில் அணையைக் கட்டி முடித்தது. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், சரியாக ஒரு படகின் அகலத்துக்குக் கம்பங்கள் அறுக்கப்பட்டிருந்தன. வெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. ஆத்திரத்தில் உடைத்த கை அல்ல, தச்சு தெரிந்த கை. அறிக்கையில் அதை நாங்கள் ‘நாசவேலை’ என்று எழுதினோம். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் தயாக் பழங்குடி மீனவர்கள் கெலோதோக் என்னும் மோட்டார் படகில் தங்கள் மீன்குளங்களுக்குப் போய்வர அந்தக் கால்வாயை விட்டால் வேறு வழியில்லை என்பதை நாங்கள் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. கோடையில் அந்த இடைவெளி வழியே நீரெல்லாம் வடிந்துபோனது.

மறுமுறை ஊர்ப் பெரியவர் ஒருவரே படகில் அழைத்துப்போய், கடைசி மீன்குளத்துக்கு அப்பால் இடம் காட்டினார். அங்கே படகை இழுத்து ஏற்றச் சரிவும் வைத்துக் கட்டினோம். அந்த அணையை யாரும் அறுக்கவில்லை.

நீர் நிற்குமுன் கன்று நடுதல்

நடாதீர்கள். காய்ந்த பீட் மண்ணில் கருகிப்போன பலங்கரான் மரக் கன்றுகளை வரிசை வரிசையாக எண்ணியிருக்கிறேன்.