பெர்ட் பேட்டனோட்: பழைய அமெரிக்கக் கால்பந்து வீரரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அர்ஜென்டினாவின் கில்லெர்மோ ஸ்டாபிலேயுடையது என்று இன்றும் எழுதுகிறார்கள். தவறு. மெக்சிகோவுக்கு எதிராக அவர் மூன்று கோல் அடித்தது 1930 ஜூலை 19. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, ஜூலை 17 அன்று மான்டிவீடியோவில் பராகுவேயை அமெரிக்கா 3-0 என்று வென்றது. அந்த மூன்று கோலும் பெர்ட் பேட்டனோட் அடித்தவை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரத்துக்காரர். அப்போது அவருக்கு வயது 20.

குழப்பமெல்லாம் 15-ஆவது நிமிடத்தில் விழுந்த இரண்டாவது கோலைப் பற்றியதுதான். சில பதிவுகள் அதை அணித் தலைவர் டாம் ஃப்ளோரியின் கணக்கில் சேர்த்தன. வேறு சில, பராகுவே வீரர் போட்ட சேம் சைடு கோல் என்றன. சட்டையில் எண் இல்லாத காலம் அது. கோல் அடித்தது யார் என்பதை முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஃபிஃபா அந்தக் கோலை பேட்டனோடுக்கே உரியதென ஏற்றது 2006 நவம்பரில். அதற்கு முன் அச்சான புத்தகத்திலிருந்து கோல் பட்டியலை எடுத்தால், பழைய பிழையும் கூடவே வந்துவிடும். முதலில் புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. "6 கோல்" என்று ஓரிடத்திலும் "4 கோல்" என்று இன்னோரிடத்திலும் இருக்கும். இரண்டும் சரிதான். உலகக் கோப்பையில் 3 ஆட்டங்களில் 4 கோல்: பெல்ஜியத்துக்கு எதிராக ஒன்று, பராகுவேக்கு எதிராக மூன்று. போட்டி முடிந்தபின் ரியோவில் பிரேசிலிடம் 4-3 என்று தோற்ற ஆட்டத்தில் அடித்த இரண்டையும் சேர்த்தால்தான் 4 சர்வதேச ஆட்டங்களில் 6 கோல். எந்தப் போட்டியின் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

கிளப் விவரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவர் ஆடிய ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் அணியின் சொந்த மைதானம் ஃபால் ரிவரில் இல்லை. மாசசூசெட்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சட்டம் தடையாக இருந்ததால், உரிமையாளர் சாம் மார்க் எல்லைக்கு அந்தப் பக்கம், ரோட் ஐலண்டின் வடக்கு டிவர்ட்டனில் மைதானம் கட்டினார். மாநிலத்தின் பெயரைப் பார்த்து 'வெளியூர் ஆட்டம்' என்று எழுதிவிட்டால் மொத்தமும் தலைகீழாகிவிடும்.

1931-இல் மார்க் அணியை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், வேறொரு கிளப்போடு இணைத்து, நியூயார்க் யாங்கீஸ் என்று பெயரிட்டார். பேஸ்பால் யாங்கீஸ் வேறு, இது வேறு. அந்த ஆண்டின் தேசிய சேலஞ்ச் கோப்பையில் மட்டும் அணியின் பெயர் ஃபால் ரிவர் என்றே பதிவாகியிருக்கிறது. லீக் பட்டியலில் யாங்கீஸ், கோப்பைப் பட்டியலில் ஃபால் ரிவர். இரண்டும் ஒரே ஆட்டக்காரர்கள்தான். சிகாகோ பிரிக்லேயர்ஸ் அணியுடனான இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் 6-2 என்ற வெற்றியில் பேட்டனோட் மட்டுமே 5 கோல் அடித்தார். பெயர் மாறியதைக் கவனிக்காதவர்கள் இந்த ஐந்தையும் அவர் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு அணிகளுக்கும் தனித்தனியாக எழுதி இரட்டிப்பாக்குகிறார்கள். அன்றைய தேசிய சேலஞ்ச் கோப்பைதான் இன்றைய யு.எஸ். ஓப்பன் கோப்பை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

1935-இல் அதே கோப்பையை செயின்ட் லூயிஸ் சென்ட்ரல் புரூவரீஸ் அணியோடு வென்றார். அந்த அணி ஆடியது செயின்ட் லூயிஸ் லீக்கில். அங்கே அடித்த கோல்களை, மார்க்ஸ்மென் ஆடிய அமெரிக்கன் சாக்கர் லீக் கணக்கில் கூட்டக் கூடாது. 'அமெரிக்கன் சாக்கர் லீக்' என்ற பெயரிலேயே இரண்டு லீக்குகள் இருந்தன: முதலாவது 1921-இல் தொடங்கி 1933-இல் கலைந்தது, அதே ஆண்டில் இரண்டாவது பிறந்தது. பருவமும் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிவது. ஆகவே '1930' என்று ஒற்றை ஆண்டைப் போடாமல் '1929-30' என்று எழுதுங்கள்.

1930 அமெரிக்க அணி பிரிட்டிஷ் தொழில்முறை வீரர்களின் கூட்டம் என்பதும் திரும்பத் திரும்ப வரும் தவறு. 16 பேரில் 6 பேர் மட்டுமே பிரிட்டனில் பிறந்தவர்கள். குடியேறுவதற்கு முன் அங்கே தொழில்முறையில் ஆடியவர் ஜார்ஜ் மூர்ஹவுஸ் ஒருவர்தான். அதுவும் டிரான்மியர் ரோவர்ஸுக்காக இரண்டே லீக் ஆட்டங்கள்.

கடைசியாக, தேதி. பேட்டனோட் பிறந்தது 1909 நவம்பர் 4, இறந்தது 1974 நவம்பர் 4. தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாரும் திருத்திவிட வேண்டாம். தன் 65-ஆவது பிறந்தநாளில்தான் அவர் காலமானார், ஃபிஃபாவின் ஒப்புதல் வருவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்.