தீட்டு நின்றாலும் பையைப் பாருங்கள்

எச்.ஐ.வி.யோடு வாழும் அக்காமாரே, மாத்திரை வாங்கும் சென்டரில் கொடுத்த உங்கள் கிரீன் புக்கை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எடை இருக்கும், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 கணக்கு இருக்கும், எந்தத் தேதியில் மாத்திரை வாங்கினீர்கள் என்று இருக்கும். கர்ப்பப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று பார்த்ததாக எங்காவது ஒரு வரி இருக்கிறதா? என் புத்தகத்தில் பதினான்கு வருடம் இல்லாமல்தான் இருந்தது. அந்த ஒரு வரியை எப்படி வரவழைப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் தாராவியில் இட்லி போடுகிறவள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2005ல் வீட்டுக்காரர் இறந்துபோனார். அடுத்த வருடம் எனக்கு எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது வயது 59. மாத்திரையை விட்டதில்லை, ரிப்போர்ட்டில் கிருமி தெரிவதும் இல்லை. 51 வயதில் தீட்டு நின்றபோது, விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் பாவாடையில் காசு அளவு ரத்தக் கறை. ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேத்தி வயதுப் பெண் டாக்டர், "ஆஜி, வீட்டுக்காரரும் இல்லை, இந்த வயசில் இந்த டெஸ்ட் எதுக்கு?" என்று இந்தியில் கேட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கும் கூச்சம், தப்பித்தோம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து வேறு இடத்தில் பார்த்தபோது, புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. இப்போது எங்கள் ஏ.ஆர்.டி. சென்டரில் தமிழ் பேசும் அக்காமாருக்கு நான்தான் துணைக்குப் போகிறேன்.

எல்லோரும் கேட்பது, "அவர் போய் இத்தனை வருடம் ஆச்சு, இப்போ எப்படி வரும்?" என்பது. இந்தப் புற்றுக்குக் காரணம் உடல் சேர்க்கையில் ஒட்டுகிற எச்.பி.வி. என்கிற வேறொரு கிருமி. அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். மற்றவர்கள் உடம்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அதைத் துரத்திவிடும். நம் உடம்புக்கு அது கஷ்டம், அதிலும் ஏ.ஆர்.டி. தொடங்குமுன் சி.டி.4 அதலபாதாளத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அது குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

சரி, எந்த டெஸ்ட்? இதைத்தான் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முகாம்களில் செய்வது வினிகர் டெஸ்ட். பை வாயில் வினிகர் மாதிரித் தண்ணீர் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 1998ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த டெஸ்ட்டைச் செய்யவைத்தே இந்தப் புற்றால் சாவது 31 சதவீதம் குறைந்தது. ஆனால் தீட்டு நின்றவர்களுக்கு அது சரிப்படாது. புற்று முதலில் பிடிக்கிற இடம், வயதாக ஆகப் பை வாயின் துவாரத்துக்குள் ஏறிப் போய்விடுகிறது. வாசலில் டார்ச் அடித்தால் உள் அறை தெரியுமா? அதனால் யாராவது வினிகர் தடவிப் பார்த்து "எல்லாம் சுத்தம்" என்றால் அதோடு வீட்டுக்கு வராமல், "எச்.பி.வி. டெஸ்ட் எழுதுங்கள்" என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னதும் இந்த டெஸ்ட்டைத்தான்; நம்மைப் போன்றவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. அது கிடைக்காவிட்டால், பை வாயில் லேசாகச் சுரண்டி எடுத்துப் பார்க்கிற பாப் டெஸ்ட் செய்துகொள்ளலாம். அதை 3 வருடத்துக்கு மேல் தள்ளக் கூடாது. உங்கள் சென்டரில் வருடா வருடம் வரச் சொன்னால் தட்டாமல் போங்கள். 50 தாண்டியதும் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. முறையான இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு ரிப்போர்ட் சுத்தமாக வந்த பிறகுதான் நிறுத்துகிற பேச்சே. இதுவரை ஒன்றுகூடச் செய்யாதவர் 60 வயதானாலும் செய்ய வேண்டியவர்தான்.

ரத்தம் பட்டால் மட்டும் கணக்கு வேறு. தீட்டு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் நேராக மகளிர் ஓ.பி.டி. போக வேண்டும். எச்.பி.வி. இல்லை என்று வந்தாலும் போதாது, பைக்குள்ளே ஸ்கேனும் பார்க்க வேண்டும்.

கேஸ் பேப்பர் என்கிற ஆஸ்பத்திரிச் சீட்டு எடுக்கக் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். அங்கே "கர்ப்பாசய்" என்று பெரிய வார்த்தை எல்லாம் தேட வேண்டாம். மராத்தியில் "பிஷ்வி" என்றாலே அங்கே வேலை செய்யும் ஆயா மௌஷிக்குக்கூடப் புரிந்துவிடும். நாம் பை என்கிற மாதிரிதான் அவர்களும் சொல்கிறார்கள்.

டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே மருந்து, கிரீம் எதுவும் வைக்காதீர்கள், சேர்க்கையும் வேண்டாம். புடவை கட்டிப் போங்கள், தூக்கிக்கொண்டு படுத்தால் போதும், சுடிதார் போல முழுசாகக் கழற்ற வேண்டியதில்லை. சிறுநீர் கழித்துவிட்டு மேசையில் ஏறுங்கள். நம் வயதில் உள்ளே வறண்டு சுருங்கியிருக்கும். கருவியை வைத்தால் வலிக்கும். வெட்கப்படாமல் "சோட்டா வாலா லகாவோ" என்று சொல்லுங்கள், சின்ன சைஸ் இருக்கிறது. இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி இடுப்புக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயால் மெதுவாக மூச்சு விடுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம். டாக்டர் சில வாரத்துக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுத்து மறுபடி வரச் சொல்வார். எச்.பி.வி. டெஸ்ட்டில் இன்னொரு வசதி, சில இடங்களில் பிரஷ்ஷை நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மறைவாகப் போய் நாமே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் பத்து வருடம் ஒத்திப்போட்ட ஓர் அக்கா அப்படித்தான் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தார்.

எச்.ஐ.வி. என்று சொல்வதா வேண்டாமா? டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதே அதை வைத்துத்தான் மாறுகிறது. வரிசையில் பக்கத்தில் நிற்பவர் காதில் விழச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதற்காகச் சிகிச்சை மறுத்தாலோ, நம் சம்மதம் இல்லாமல் வெளியே சொன்னாலோ அது 2017ம் வருட எச்.ஐ.வி. சட்டப்படி கூடாது. 1097 என்கிற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு இல்லை.

"பையை எடுத்தாச்சு, எனக்கு எதுக்கு?" என்பவர்கள் டிஸ்சார்ஜ் பேப்பரைத் தேடி எடுங்கள். சில ஆபரேஷனில் வாயை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் எடுத்திருப்பார்கள். வாயும் போயிருந்தாலும், எதற்காக எடுத்தார்கள் என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தால் புற்று என்று நினைத்து அழாதீர்கள். நான் சயான் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து அழுதேன், வீண். அடுத்து பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியால் பார்த்து, தேவையென்றால் சதை கிள்ளி அனுப்புவார்கள். முற்றாத கட்டம் என்றால் சுட்டோ உறைய வைத்தோ அழிக்கலாம். நம் வயதில் இடம் உள்ளே ஏறிவிடுவதால் பெரும்பாலும் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். எனக்கு மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள், அன்று மாலையே வீடு. மறுநாள் மட்டும் இட்லி போடவில்லை. புண் ஆறும் வரை, ஒரு மாதத்துக்கு மேல், சேர்க்கை கூடாது. கனமானதைத் தூக்கவும் வேண்டாம் என்றார்கள். இட்லிக் குண்டானை என் மருமகள் தூக்கினாள், முனகிக்கொண்டே.

போகிற போக்கில் ஒன்று. இந்த வயதில் கால்சியம் மாத்திரையும் எழுதுவார்கள். டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், கிருமி மாத்திரை சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் கிருமி மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து கால்சியம்.

வெட்டி எடுத்த பிறகு 12 மாதத்தில் ஒரு டெஸ்ட், அது சுத்தமென்றால் இன்னொரு 12 மாதத்தில் மறுபடி. இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் கிரீன் புக்கின் கடைசிப் பக்கத்தில் இரண்டு தேதியையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது சுத்தம், இரண்டாவதும் சுத்தம். கீழே அடுத்த தேதியை சிஸ்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.