மாம்பழ கோதுமை பீரை ருசி பார்ப்பது எப்படி? முதல்முறை குடிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஏப்ரல் பிறந்துவிட்டால் பெங்களூரு மைக்ரோப்ரூவரிகளின், அதாவது தாங்களே பீர் காய்ச்சிப் பரிமாறும் சின்ன மதுக்கூடங்களின், கரும்பலகையில் மாம்பழ பீரின் பெயர் ஏறிவிடும். போன கோடையில் ஊரிலிருந்து வந்த என் அத்தை மகனை அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆசையாக ஒரு கிளாஸ் வாங்கினான். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னண்ணே, இதுல மாம்பழமே இல்லையே" என்றான். முகம் வாடிவிட்டது.

மாம்பழம் இருந்தது. அவன் அதை இனிப்பில் தேடினான். அது வாசனையில் இருந்தது. பழம் சேர்த்த பீரை முதன்முதலாகக் குடிக்கும் பலருக்கும் இதே ஏமாற்றம்தான் வருகிறது. அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் தாண்டிவிடலாம். அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

சட்டப்படி குடிக்கும் வயது வந்தவர்களுக்கு மட்டுமான பதிவு இது. வண்டி ஓட்டிப் போகிறவர்கள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்புக்கும் இது ஆகாது.

கிளாஸுக்குள் என்ன இருக்கிறது?

வழக்கமான பீர் பார்லி மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், செய்வது. கோதுமை பீரில் கோதுமையும் பெரும்பங்கு இருக்கும். ஜெர்மனியில் குறைந்தது பாதியாவது கோதுமை மால்ட் இருக்க வேண்டும் என்பது விதி. கோதுமையில் புரதம் அதிகம் என்பதால் நுரை கெட்டியாக நிற்கும், பீரும் கலங்கலாகத் தெரியும். கசப்பு குறைவு. ஆல்கஹால் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

கோதுமை பீரில் இரண்டு குடும்பங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ஒன்று பவேரியாவின் ஹெஃபவைசன். இதை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஆனால் இரண்டையும் யாரும் போடுவதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட்டே அந்த வாசனைகளை உண்டாக்குகிறது. இன்னொன்று பெல்ஜியத்தின் விட்பீர். அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்க்கிறார்கள். ஹூகார்டன் என்ற ஊரில் இந்த வகையே அழிந்துபோயிருந்தது. 1960-களில் பியர் செலிஸ் என்ற பால்காரர்தான் அதை மறுபடி காய்ச்சி உயிர் கொடுத்தார். நம் ரசத்துக்குப் போடும் அதே தனியா ஒரு பீரை மணக்கவைக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் விஷயம்.

கோதுமை பீரில் பழம் சேர்ப்பது பெங்களூரில் பிறந்த யோசனையும் அல்ல. பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற புளிப்பு பீரில் செர்ரியை ஊறவைத்து க்ரீக் செய்வது பழைய வழக்கம்; லாம்பிக்கிலும் கோதுமை உண்டு. பெர்லினில் புளிப்புக் கோதுமை பீரைப் பரிமாறும்போது ராஸ்பெரி சிரப்பை ஊற்றிக் கொடுப்பார்கள். பவேரியாவில் மட்டும் பழத்துக்கு இடம் இருந்ததில்லை. பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ), தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் கூடாது என்று அங்கே 1516-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்; கோதுமைக்குப் பிறகு விலக்கு கிடைத்தது.

பெங்களூருக்கு வருவோம். 2010-ல் இந்திராநகரில் டாய்ட் என்ற மைக்ரோப்ரூவரி திறந்த காலத்தில், சின்ன அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் இந்த ஊருக்கே புதுசு. இன்று நகரத்தில் எந்தத் திசையில் போனாலும் ஒரு மைக்ரோப்ரூவரி கண்ணில் படுகிறது. நல்ல மாம்பழம் கைக்கெட்டும் தூரத்தில் விளையும்போது, கோடையில் அது பீர் தொட்டிக்குள் போவது இயல்புதான்.

இனிப்பு எங்கே போனது?

மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை. பழக்கூழைப் பெரும்பாலும் முதல் நொதிப்பு அடங்கும் நேரத்தில் தொட்டியில் சேர்ப்பார்கள். அப்போதும் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது. புதிதாக வந்த சர்க்கரையை அது விடுமா? தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கிவிடும். வெளியேறும் வாயு வாசனையிலும் கொஞ்சத்தை அள்ளிக்கொண்டு போகும். மிஞ்சுவது இனிப்பில்லாத மாம்பழம்: வாசனை, லேசான புளிப்பு, சில சமயம் தோலை ஒட்டிய சதையின் துவர்ப்பு.

இனிப்பாகவே இருக்கும் பழ பீர்களும் உண்டு. நொதித்து முடித்து வடிகட்டியபின் கூழோ சாறோ கலந்தால் இனிப்பு தங்கும். லாக்டோஸ் சேர்த்தாலும் தங்கும், ஏனென்றால் பால் சர்க்கரையை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. ஆகவே இனிப்பை வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படி 1: முந்தின நாள் மூக்குக்குப் பாடம்

எல்லாரும் தாண்டிப்போகிற படி இது. எனக்கோ இதுதான் முக்கியம். தெரியாத வாசனையை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்ததாக இருந்தாலும் பெயர் சட்டென்று நாவுக்கு வராது.

ஐந்து டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு கிராம்பைத் தட்டிப் போடுங்கள். இன்னொன்றில் நன்கு பழுத்த ஏலக்கி வாழைப்பழத்தை மசித்து வையுங்கள். மூன்றாவதில் லேசாக இடித்த தனியா, நான்காவதில் ஆரஞ்சுத் தோல், ஐந்தாவதில் பழுத்த மாம்பழத் துண்டு, அதுவும் காம்புப் பக்கத்திலிருந்து வெட்டியது. ஒவ்வொன்றையும் தட்டால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். வீட்டில் யாரையாவது டம்ளர்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் முகர்ந்து பெயர் சொல்லிப் பாருங்கள்.

மாம்பழ டம்ளரில் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். தேன் போன்ற வாசனைக்கு அடியில் பிசின் மாதிரி, காம்பை ஒடித்தால் வடியும் பால் மாதிரி ஒரு காட்டமான வாசனை இருக்கும். மாம்பழத்தில் இருக்கும் மிர்சீன் என்ற வாசனைப் பொருள் ஹாப்ஸ் பூவிலும் இருக்கிறது. மாம்பழமும் பீரும் கூடிப்போவதில் அதற்கும் பங்குண்டு.

இன்னொரு சின்னச் சோதனை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மாம்பழத்தை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், மாம்பழம் தெரியாது. மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். மாம்பழம் வந்து நிற்கும். சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதற்கும் இதே காரணம்தான். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவின் பாதி புரிந்துவிடும்.

படி 2: பீரைத் தேர்வு செய்வது

மைக்ரோப்ரூவரியில் முழு கிளாஸ் சொல்லாதீர்கள். ருசி பார்க்கும் சின்ன கிளாஸாக இரண்டு கேளுங்கள்: ஒன்று மாம்பழ பீர், மற்றது பழம் சேர்க்காத கோதுமை பீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பீர் எதுவரை, பழம் எங்கிருந்து என்பது தெரியும்.

என்ன மாம்பழம் போட்டார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். கர்நாடகத்தில் பாதாமி என்று சொல்லும் அல்போன்சாவுக்கு வாசனை பலம்; ஈஸ்ட்டையும் தாண்டி நிற்கும். கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளில் நிறைய அரைபடும் தோத்தாபுரிக்கு, அதாவது நாம் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்வதற்கு, புளிப்பு உண்டு, வாசனை மெலிது. பதிலைத் தெரிந்துகொண்டு முகர்ந்தால் தேட வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

படி 3: குளிரும் கிளாஸும்

ஐஸ் போல் குளிர்ந்த பீரில் வாசனை எழும்பாது. 6 முதல் 8 டிகிரி சரியாக இருக்கும். வீட்டில் பாட்டிலென்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். சென்னை வெயிலில் ஐந்து நிமிடமே போதும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டாம்.

கோதுமை பீருக்கென்று அரை லிட்டர் உயரக் கிளாஸ் உண்டு. ருசி பார்க்க அது தேவையில்லை, வாய் குறுகிய ஒயின் கிளாஸ் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஊற்றியதும் கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஈரத்தோடே ஊற்றுங்கள்.

படி 4: ஊற்றுவது, பார்ப்பது

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். கடைசியில் கால் பங்கு மிச்சம் இருக்கும்போது பாட்டிலை ஒரு சுழற்றுச் சுழற்றி, கலங்கலையும் நுரையையும் மேலே விடுங்கள். இந்தக் கலங்கல் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மாம்பழக்கூழின் பெக்டினும், அதாவது பழத்தில் இயல்பாக இருக்கும் பசைப்பொருளும், அதில் சேர்ந்திருக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். செர்ரியும் ராஸ்பெரியும் பீரைச் சிவப்பாக்கும். மாம்பழம் ஏற்கெனவே வைக்கோல் நிறத்தில் இருக்கும் பீரைப் பெரிதாக மாற்றாது. பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

படி 5: முகர்வது

ஊற்றிய உடனே முகருங்கள், வாசனையில் மெல்லியவை முதலில் பறந்துவிடும். நீளமாக ஒரே இழுப்பு வேண்டாம். பூவை முகர்வதுபோல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை இழுங்கள். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உங்கள் சட்டைக் கையையே ஒருமுறை முகருங்கள். மூக்கு பழைய நிலைக்கு வரும்.

முதலில் பழமில்லாத பீர். வாழைப்பழம் வருகிறதா? கிராம்பு வருகிறதா? தனியாவும் ஆரஞ்சுத் தோலும் வருகின்றனவா? அடியில் ரொட்டி மாவின் வாசனை இருக்கிறதா? பிறகு மாம்பழ பீரை எடுங்கள். முந்தினதில் இல்லாத எது இதில் புதிதாக வந்திருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. பழுத்த மாம்பழ வாசனை வரலாம், மாங்காயின் பச்சை வாசனையும் வரலாம். என் அத்தை மகன் வெகுநேரம் முகர்ந்துவிட்டு, "வைக்கோல்ல பழுக்க வெச்ச ரூம் மாதிரி இருக்குண்ணே" என்றான். அதைவிடச் சரியாக அந்த பீரை யாரும் சொல்லிவிட முடியாது. விவரிக்க ஆங்கிலப் பட்டியல்களைத் தேடாதீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் சமையலறையிலும் இருக்கும் வாசனைகளை வைத்தே சொல்லுங்கள்.

படி 6: குடிப்பது

சின்ன வாய் எடுத்து, உடனே விழுங்காமல் மூன்று நான்கு நொடி நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். கோதுமையால் வரும் மிருதுத்தன்மை, நீர்த்த கஞ்சியின் வழவழப்பு போல, நாக்கில் தெரியும். வாயுவின் குறுகுறுப்பு அதன் மேல் இருக்கும். புளிப்பு கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கும்.

இப்போது விழுங்கிவிட்டு, வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் காற்றோடுதான் பழம் வரும். ஒயின் ருசி பார்ப்பவர்கள் செய்வதுபோல் துப்பிவிட்டால் இந்த இடம் கொஞ்சம் தவறிப்போகும். பீரில் விழுங்குவது வழக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தை மகனின் முகம் மாறியது இந்த மூச்சில்தான். "வருதுண்ணே!" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

பாதி கிளாஸை அப்படியே பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். சூடேற ஏற மாம்பழம் மேலே வரும், கிராம்பும் கூடவே வரும். நல்ல பீர் இந்த இடத்தில் இன்னும் நன்றாகும். குளிரின் மறைவில் தப்பித்த பீர் இங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

குறைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் பழசு, காற்றுப் பட்டிருக்கிறது. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் போல இருந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பீரை எடுத்திருக்கிறார்கள். வெட்டிய பச்சை ஆப்பிள் வாசனைக்கும் பெரும்பாலும் அந்த அவசரமே காரணம். வெயில் பட்ட வெள்ளை, பச்சை பாட்டில்களில் ஒரு துர்நாற்றம் வரும். வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளைக் கெடுத்து உண்டாக்குவது அது.

பழ பீருக்கே உரிய குறை எசன்ஸ். ஓரிடத்தில் எனக்குக் கொடுத்த கிளாஸில் மாம்பழ வாசனை தூரத்திலிருந்தே அடித்தது. குடித்தால் பெட்டிக்கடை மிட்டாய். மூச்சை வெளியே விட்டபோது எதுவுமே இல்லை. உண்மையான பழம் அப்படி முன்வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகாது. விழுங்கியபின்னும் சிறிது நேரம் புளிப்போடும் துவர்ப்போடும் தங்கும்.

கூட என்ன சாப்பிடலாம்?

தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் இதற்கு மிகப் பொருத்தம். காரம் குறைத்து வறுத்த நெத்திலியும் நல்லது. மிளகாய் தூக்கலான சில்லி சிக்கன் வேண்டாம். வாயு காரத்தை இன்னும் கிளப்பிவிடும், மெல்லிய பழ வாசனை அதில் காணாமல் போகும். எதுவானாலும் முதல் அரைக் கிளாஸை வெறும் வாயோடு குடித்து முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

படி 7: எழுதிவைப்பது

தேதி, பீரின் பெயர், பழம், மூக்கில் வந்தது, மூச்சில் வந்தது என்று ஐந்து வரி போதும். அன்று அத்தை மகன் தன் போனில் தட்டிவைத்ததை அப்படியே தருகிறேன்: "மாம்பழ பீர். பாதாமி. முதல்ல ஏலக்கி, அப்புறம் பழக்குடோன். இனிப்பு இல்ல. விழுங்கினதும் காம்புப் பால். லேசா துவர்ப்பு. சூடானதும் நல்லாருந்துச்சு. அடுத்த தடவை பலாப்பழம் போட்டது கிடைக்குதான்னு கேக்கணும்."