கழுத்துவலியை வினாப்படிவத்தால் அளப்பது எப்படி?

கழுத்துவலியோடு வருபவரின் கழுத்து எத்தனை பாகை திரும்புகிறது என்பதை நாம் அளந்துவிடலாம். எலும்புத் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம். அவருடைய அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்கு முடங்கியிருக்கிறது என்பதை அந்த இரண்டும் சொல்வதில்லை. படத்தில் தேய்மானம் நிறையத் தெரிந்தும் தடையின்றி வேலைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. படத்தில் ஒன்றுமே இல்லாமல் இரவெல்லாம் புரண்டு படுப்பவர்களும் உண்டு. இதை அறிய நோயாளியையே முறையாகக் கேட்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்களும் செவிலியர்களும் அதை எப்படிச் செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் ஓர் எச்சரிக்கை. வினாப்படிவம் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று. கை கால்களில் பலம் குறைவது, நடை தடுமாறுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்திருப்பது, விழுந்தோ விபத்திலோ அடிபட்டது ஆகியவற்றில் எது இருந்தாலும் படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது கழுத்து இயலாமைக் குறியீடு (நெக் டிசபிலிட்டி இன்டெக்ஸ்), சுருக்கமாக என்.டி.ஐ. என்பார்கள். முதுகுவலிக்கென ஏற்கெனவே இருந்த ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தை அடிப்படையாகக் கொண்டு கனடாவைச் சேர்ந்த ஹோவர்ட் வெர்னன், சில்வானோ மியோர் ஆகிய இருவரும் இதை உருவாக்கி 1991இல் வெளியிட்டார்கள். இதில் 10 பகுதிகள் உள்ளன: வலியின் கடுமை, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்தத் தேவைகள், பாரம் தூக்குதல், படித்தல், தலைவலி, கவனம், வேலை, வாகனம் ஓட்டுதல், உறக்கம், பொழுதுபோக்கு. ஒவ்வொரு பகுதியிலும் ஆறு கூற்றுகள் உண்டு. தொல்லையே இல்லாததற்கு 0, மிகவும் மோசமானதற்கு 5. ஆக மொத்தம் 50. 0 முதல் 4 வரை இயலாமை இல்லை. 5 முதல் 14 வரை லேசானது. 15 முதல் 24 வரை நடுத்தரமானது. 25 முதல் 34 வரை கடுமையானது. அதற்கு மேல் முழு இயலாமை.

படிவத்தைச் சிகிச்சைக்கு முன்பு கொடுக்க வேண்டும். ஒத்தடமோ மின்சிகிச்சையோ முடிந்த கையோடு கேட்டால் அந்த நேரத்துச் சுகம்தான் விடையில் வரும். முறையாக மொழிபெயர்த்துச் சோதிக்கப்பட்ட தமிழ்ப் படிவத்தையே பயன்படுத்துங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்டவர்களுக்கு அந்தந்த மொழிப் படிவத்தைத் தேடிக் கொடுப்பது நல்லது. எதிரில் உட்கார்ந்து நாமாகவே மொழிபெயர்த்துச் சொன்னால், திங்கட்கிழமை சொன்ன வாசகம் வெள்ளிக்கிழமை வேறாகிவிடும்.

படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டலாம். அப்போது ஆறு கூற்றுகளையும் ஒன்று விடாமல், உள்ளபடியே, ஒரே குரலில் படிக்க வேண்டும். நான்காவதைப் படிக்கும்போதே "இதுதானேம்மா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டால் அது நம்முடைய விடையாகிவிடும். இரண்டு கூற்றுகள் பொருந்துவதாக அவர் சொன்னால், கூடுதலாகப் பொருந்துவது எது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். கூடவந்த மகனோ கணவரோ "அதெல்லாம் அம்மா நல்லாத்தான் தூங்குறாங்க" என்று முந்திக்கொள்வது நம் ஊரில் வழக்கம். மரியாதையாகச் சற்று வெளியில் இருக்கச் சொல்லுங்கள். சிகிச்சை கொடுப்பவரின் மனம் நோகக்கூடாது என்று "பரவாயில்லைங்க" என்பவர்களும் நிறைய. சிகிச்சை கொடுப்பவரைத் தவிர வேறொருவர் படிவத்தைக் கேட்பதே இதற்குச் சரியான வழி. முதல்முறை படித்துக் காட்டியிருந்தால் அடுத்த முறையும் அப்படியே செய்ய வேண்டும்.

இனி, பெரும்பாலும் தவறு நிகழும் இடத்துக்கு வருவோம். பாலக்கோடு பக்கத்தில் பட்டு நூற்கும் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் படிப்பதில்லை, வண்டியும் ஓட்டுவதில்லை. ஆகவே இரண்டு பகுதிகளுக்கு விடை கிடையாது. மீதி எட்டுப் பகுதிகளில் அவர் பெற்றது 14. காலியான இரண்டுக்கும் பூஜ்ஜியம் போட்டால் 50க்கு 14 ஆகி, அவர் லேசான இயலாமைக்குள் அடங்கிவிடுகிறார். ஆனால் பூஜ்ஜியம் என்பதற்கு "அந்த வேலையில் எனக்குத் தொல்லையே இல்லை" என்று பொருள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. விடையளித்த எட்டுப் பகுதிகளின் உச்ச அளவான 40ஆல் வகுக்க வேண்டும். 40க்கு 14 என்பது 35 விழுக்காடு, அதாவது 50க்கு 17.5. அவருக்கு இருப்பது நடுத்தர இயலாமை. எழுத்தறிவும் வண்டியும் இல்லாத காரணத்தால் ஒருவருடைய துன்பம் ஏட்டில் குறைந்துபோவதை எவ்வகையிலும் அனுமதிக்கக் கூடாது. இரண்டுக்கு மேற்பட்ட பகுதிகள் விடுபட்டால் அந்த மொத்தத்தை நம்பாமல் வேறு படிவத்துக்குப் போய்விடுங்கள்.

அதே பெண் சுமக்கும் புல்லுக்கட்டு இந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் மணிக்கணக்கில் குனிந்து பழம் தரம்பிரிப்பதும், கிரானைட் குவாரி வேலையும், புளியம்பழம் உலுக்க அண்ணாந்து நிற்பதும் இல்லை. அந்தக் குறையை நிரப்ப, ஸ்ட்ராட்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட, நோயாளி தாமே வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழுத்துவலியால் செய்ய முடியாத அல்லது சிரமப்படுகிற மூன்று முதல் ஐந்து வேலைகளை அவரே சொல்வார்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுப்பார். இங்கே 0 என்றால் அறவே முடியாது, 10 என்றால் முன்புபோலவே முடிகிறது. என்.டி.ஐ.யில் எண் ஏறினால் மோசம், இதில் ஏறினால் நலம்; இரண்டையும் ஒரே தாளில் எழுதும்போது இதை மறக்கக் கூடாது. புல்லுக்கட்டுச் சுமப்பதற்கு 2, நூல் நூற்பதற்கு 4, தலைக்குக் குளிப்பதற்கு 3 என்று அவர் சொன்னால் சராசரி 3.

நார்த்விக் பார்க், கோப்பன்ஹேகன், போர்ன்மத் என்று வேறு படிவங்களும் உள்ளன. எதை எடுத்தாலும் ஒரு நோயாளிக்கு முதலிலிருந்து முடிவு வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பாலக்கோட்டுப் பெண்ணிடம் மறுபடி கேட்கும்போது எட்டுப் பகுதிகளில் 9 வருகிறது என்று கொள்வோம்: 22.5 விழுக்காடு, 50க்கு 11.25. குறைந்திருப்பது ஆறு புள்ளிகளுக்குச் சற்று அதிகம். 50க்கு 5 புள்ளிக்குக் கீழான மாற்றத்தை அளவையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே கருத வேண்டும்; கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு வலியில் 7 முதல் 10 புள்ளி வரை தேவை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே ஐந்தைத் தாண்டியிருந்தாலும் ஆறு என்பதை மட்டும் பார்த்து முன்னேற்றம் என்று அறிவித்துவிட முடியாது. அவர் தேர்ந்தெடுத்த வேலைகளின் சராசரி 3இலிருந்து 5க்கு ஏறியிருந்தால் கதை வேறு. அந்த அளவுகோலில் சராசரி 2 புள்ளி மாறினாலே உண்மையான மாற்றமாகக் கொள்ளலாம். இரண்டும் ஒரே திசையைக் காட்டும்போது துணிந்து சொல்லலாம். என்.டி.ஐ. குறைந்தும் புல்லுக்கட்டு இன்னும் 2இலேயே நின்றால், பயிற்சியை அந்தச் சுமையை நோக்கித் திருப்ப வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடக்கம். வீட்டில் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொருவர் என்று பலர் கைமாறும் நோயாளிக்கு ஏட்டுக் குறிப்பு தெளிவாக இருக்க வேண்டும். "நடுத்தரம்" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படாது. தேதி, படிவத்தின் பெயர், "40க்கு 14, 35 விழுக்காடு, படித்தல், வாகனம் ஓட்டுதல் பொருந்தாது, படித்துக் காட்டப்பட்டது" என்ற வரி, நோயாளி சொன்ன வேலைகள், அவற்றின் எண்கள் ஆகியவற்றை ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் எழுதி நோயாளியிடமே கொடுத்துவிடுங்கள்.