கோப்புகள் காரணம் தெரியாமல் சிதைகின்றனவா? ரேமைச் சோதிக்கும் முறை

நகலெடுத்த ஜிப் கோப்பு திறக்க மறுப்பது, நேற்றுவரை நன்றாக இருந்த புகைப்படத்தின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாக மாறுவது, ஒருமுறை ஒழுங்காக நிறுவப்பட்ட மென்பொருள் மறுமுறை பிழை காட்டுவது ஆகியவை ஒரே கணினியில் அடுத்தடுத்து நிகழ்ந்தால், பெரும்பாலோர் முதலில் ஹார்ட் டிஸ்கைத்தான் சந்தேகிப்பார்கள். என் மேசைக் கணினியில் இவை மூன்றும் நிகழ்ந்தபோது, பழுது பார்ப்பவரும் புதிய எஸ்எஸ்டி வாங்கச் சொன்னார். நல்லவேளையாக வாங்கவில்லை; பழுது, கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேமில் இருந்தது.

டிஸ்க் தகவலை எழுதும்போது, பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கான குறியீட்டையும் ஒவ்வொரு செக்டரோடும் (டிஸ்கில் தகவல் எழுதப்படும் சிறு தொகுதி) சேர்த்தே எழுதுகிறது. ஆகவே அது கெட்டுப்போனால் பெரும்பாலும் ‘படிக்க முடியவில்லை’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். தவறான தகவலைச் சரியானது போல நீட்டுவது அரிது. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் போகும் தகவலுக்கும், பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சி சரிபார்ப்பு உண்டு. வீட்டுக் கணினிகளில் உள்ள சாதாரண ரேமுக்கு மட்டும் அப்படி எந்தக் காவலும் இல்லை. நகலெடுக்கப்படும் ஒவ்வொரு பைட்டும் அதன் வழியாகவே போவதால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கோப்பு மட்டும் மாறியிருந்தால் நான் முதலில் ரேமைத்தான் பார்ப்பேன்.

முதலில் எழுதுவதை நிறுத்துங்கள்

சோதனை முடியும்வரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம். பேக்கப் வைத்திருக்கும் டிரைவைக் கழற்றி வையுங்கள். டிஸ்கைச் சரிசெய்யும் செக்டிஸ்க், டிஸ்கை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக் போன்றவற்றை இப்போது ஓட்டவே கூடாது. அவையும் தகவலை ரேமுக்குள் இழுத்துத்தான் திரும்ப எழுதுகின்றன. ரேம் கெட்டிருந்தால், நன்றாக இருந்த கோப்புகளும் ‘சரிசெய்யப்பட்டு’ வீணாகும்.

ஹேஷ் சோதனை

கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால், ஒரு கோப்பின் மேல் வலது கிளிக் செய்து அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பைப் பெறலாம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற இந்த மதிப்பைத்தான் ஹேஷ் என்கிறார்கள். ஒரே கோப்புக்கு இதைச் சில முறை செய்து, மதிப்பு மாறுகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. கேட்க எளிதாக இருந்தாலும் நான் குழம்பி நின்ற படி இதுதான் என்பதால், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோப்பு ஒருமுறை படிக்கப்பட்டதும் இயங்குதளம் அதை ரேமிலேயே கேஷாக வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை கேட்கும்போது டிஸ்க்குக்குப் போகாமல், ரேமில் இருக்கும் அதே பிரதியைத்தான் கொடுக்கிறது. அந்தப் பிரதி ஏற்கெனவே சிதைந்திருந்தால், எத்தனை முறை கணக்கிட்டாலும் ஒரே தவறான மதிப்பே வரும். பார்ப்பவர் ‘மதிப்பு மாறவில்லை, ஆகவே டிஸ்கில் இருப்பதே தவறு’ என்று முடிவு செய்துவிடுவார். மாறாக, டிஸ்கில் தவறாக எழுதப்பட்ட கோப்பின் சரியான பிரதி கேஷில் மிச்சமிருந்தால், நகலெடுத்தவுடன் ஒப்பிடும்போது எல்லாம் சரியாகத் தோன்றும். மறுநாள் திறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் இடையில் கணினியை ரீஸ்டார்ட் செய்யலாம். அல்லது, ரேமின் அளவைவிடப் பெரிய கோப்பை எடுத்துக்கொள்ளலாம்; ரேம் 16 ஜிபி என்றால் 20 ஜிபி கோப்பு போதும். அவ்வளவு பெரிய கோப்பு கைவசம் இல்லையென்றால், திரைப்படங்கள் உள்ள ஒரு கோப்புறையை ஒரே ஜிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்; எதையும் சேமிக்க வேண்டாம் என்றதற்கு இது ஒன்றே விலக்கு. அந்த ஜிப்பின் உள்ளடக்கம் சரியா தவறா என்பது இங்கே பொருட்டில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மதிப்பு வருகிறதா என்பதே கேள்வி. பெரிய கோப்பை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சிறிய கோப்பு ரேமின் ஒரு மூலையிலேயே அடங்கிவிடும், பழுதான நினைவுச் செல்லைத் தொடாமலே போகலாம்.

மதிப்பு முறைக்கு முறை மாறினால், படிக்கும் பாதையில் பழுது இருக்கிறது. ரேமே முதல் சந்தேகம். மாறாமல் ஒரே மதிப்பாக வந்து, அது மூலக்கோப்பின் மதிப்போடு ஒத்துப்போகாவிட்டால், எழுதும் நேரத்தில் எப்போதோ கெட்டிருக்கிறது.

மூலக்கோப்பும் கெட்ட கோப்பும் கையில் இருந்தால் ஒரு படி மேலே போகலாம். விண்டோஸின் எஃப்சி கட்டளையை, பைட் பைட்டாக ஒப்பிடும் ‘பி’ தெரிவோடு கொடுத்தால், வேறுபடும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு வரியாகக் காட்டும்: முதலில் இருப்பிடம், பிறகு முதல் கோப்பின் பைட், அடுத்து இரண்டாம் கோப்பின் பைட். என் தமிழ்க் கட்டுரைக் கோப்பு ஒன்றில் ஒரே ஒரு வரிதான் வந்தது. பி2 இருக்க வேண்டிய இடத்தில் பி3 இருந்தது (பைட்டுகளை இந்தக் கட்டளை பதினாறடிமான எண்ணாகக் காட்டும்). இருமத்தில் எழுதினால் 10110010 என்பது 10110011 ஆகியிருக்கிறது, அதாவது ஒற்றை பிட் (ஒரு 0 அல்லது 1) புரண்டிருக்கிறது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘ல’ என்ற எழுத்தின் கடைசி பைட் பி2, ‘ள’ என்பதன் கடைசி பைட் பி3. ஆகவே கட்டுரையில் இருந்த புலி, யாரும் கைவைக்காமலே புளியாகியிருந்தது. ர-ற, ந-ன ஆகிய இணைகளும் இப்படி ஒரு பிட் தொலைவில்தான் இருக்கின்றன. எனவே தமிழ் உரையில் நேரும் சிதைவு வெறும் எழுத்துப்பிழை போலத் தோன்றிக் கண்ணுக்குத் தப்பிவிடும். ஜேபெக் படத்திலோ ஒரு பிட் மாறினால் அதற்குப் பின்வரும் பகுதி முழுவதும் நிறம் குலையலாம் என்பதால், படங்களில்தான் பழுது முதலில் கண்ணில் படுகிறது. வேறுபாடுகள் இப்படி ஒற்றை பிட்டாக ஆங்காங்கே சிதறியிருந்தால் அது ரேமின் அடையாளம்; 512 அல்லது 4096 பைட்டுகள் கொண்ட தொகுதி தொகுதியாக மாறியிருந்தால் டிஸ்க் பக்கம் பாருங்கள்.

எந்தக் கருவி?

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. தொடங்கியதும் எஃப்1 அழுத்தி ‘எக்ஸ்டெண்டட்’ சோதனையைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு பயன்படும். ஆனால் எந்த முகவரியில், எந்த பிட்டில் பிழை என்று சொல்லாது. முடிவையும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் தேடி எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

என் தேர்வு மெம்டெஸ்ட்86 பிளஸ். இது திறமூல மென்பொருள். பிளஸ் இல்லாத மெம்டெஸ்ட்86 என்பது பாஸ்மார்க் நிறுவனத்தின் வேறொரு மென்பொருள். அதுவும் நல்லதே, ஆனால் இலவசப் பதிப்பு 4 பாஸ்களோடு (பாஸ் என்பது எல்லாச் சோதனைகளும் முடிந்த ஒரு முழுச் சுற்று) நின்றுவிடும். பிளஸைப் பொறுத்தவரை, பழைய வழிகாட்டிகள் சொல்லும் 5-ஆம் வரிசைப் பதிப்புகளை எடுக்காதீர்கள். 2022இல் வந்த 6.00 பதிப்பில்தான் யுஇஎஃப்ஐ (இன்றைய கணினிகள் தொடங்கும் முறை) ஆதரவு சேர்ந்தது. அதற்கு முந்தையவை இன்றைய பல கணினிகளில் தொடங்கவே தொடங்கா.

அதன் தளத்தில் கிடைக்கும் யுஎஸ்பி நிறுவியைக் கொண்டு ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் உள்ளவை அழிந்துவிடும். முடிந்தால் இதை வேறு கணினியில் செய்யுங்கள்.

பென்டிரைவிலிருந்து தொடங்குதல்

கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8 அழுத்தினால் பூட் பட்டியல் வரும். மதர்போர்டைப் பொறுத்து விசை மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தும் எதுவும் நடக்காமல் விண்டோஸே வந்து நின்றால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை), கையொப்பமில்லாத மென்பொருள்களைத் தொடங்கவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் மாட்டிக்கொண்டு எழுதியதால் சேர்க்கிறேன்: டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பல புதிய மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸைத் தொடுங்கள்.

ஓட விடுதல்

சோதனை தானாகவே தொடங்கும். ரேமின் அளவைப் பொறுத்து ஒரு பாஸ் முடியவே சில மணிநேரம் ஆகலாம் என்பதால் இரவு முழுவதும் விட்டுவிடுவது நல்லது. மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் அவசியம். சூடேறிய பிறகே பிழை காட்டும் ரேம் ஸ்டிக்குகள் உண்டு; ஒரு பாஸ் சுத்தமாக முடிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். பிழை வந்தால் சிவப்பில் தெரியும். முகவரியோடு, எதிர்பார்த்த மதிப்பும் கிடைத்த மதிப்பும் அருகருகே வரும். ‘ஒன்றிரண்டு பிழைதானே’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஏற்கத்தக்க எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி கேட்கும்போது உதவும்.

குற்றவாளி எது?

பிழை வந்தது என்பதால் உடனே புது ரேம் வாங்கிவிட வேண்டாம். முதலில் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்புகள்) இயங்குகிறதா என்று பாருங்கள். டிடிஆர்4 ரேமின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட்; எக்ஸ்எம்பி பெரும்பாலும் அதை 1.35 வோல்ட்டுக்கு உயர்த்தி வேகத்தையும் கூட்டுகிறது. அதை அணைத்ததும் பிழைகள் மறைந்தால், அந்த வேகம் உங்கள் மதர்போர்டுக்கோ பிராசஸருக்கோ ஒத்துவரவில்லை என்று பொருள். குறைந்த வேகத்திலேயே விட்டுவிடலாம்.

அணைத்தும் பிழை தொடர்ந்தால், மின் இணைப்பைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, எல்லா ஸ்டிக்குகளையும் கழற்றுங்கள். மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் செருகிச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்ததை. ஒரு ஸ்டிக்கில் மட்டும் பிழை வந்தால் அதுதான் பழுது. எல்லா ஸ்டிக்குகளிலும் வந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் மதர்போர்டு, பிராசஸர், பவர் சப்ளை மூன்றும் சந்தேகப் பட்டியலில் வரும். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பர் வைத்துத் தேய்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். கழற்றி அழுத்திச் செருகியதாலேயே பிழை நின்றுபோவதும் உண்டு. நின்றாலும் மீண்டும் ஓர் இரவு ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

வந்த கேள்விகள்

இரவு முழுவதும் ஓட்டியும் பிழையே இல்லை, ஆனால் கோப்புகள் இன்னும் சிதைகின்றன என்றால்? மெம்டெஸ்ட் பிழை காட்டாததால் மட்டும் ரேம் நல்லது என்று ஆகிவிடாது. பிரைம்95 மென்பொருளின் ‘பிளெண்ட்’ சோதனையைச் சில மணிநேரம் ஓட்டுங்கள்; பிராசஸரும் பவர் சப்ளையும் சேர்ந்து திணறும்போது மட்டுமே வரும் பழுதுகள் அதில் வெளிப்படும்.

டிடிஆர்5 ரேமில் இசிசி (பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி) இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே. சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது கவனிக்காது. சர்வர்களில் இருக்கும் முழு இசிசி வேறு. கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது. முக்கியமான ஆவணங்களைச் சேமிக்கும் கணினி என்றால், இசிசிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை என்பது என் கருத்து.

மடிக்கணினியில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் கழற்ற வழியில்லை. வாரண்டியும் முடிந்துவிட்டது, பிழை ஒரு சிறு பகுதியில் மட்டும் வருகிறது என்றால், அந்த முகவரிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று இயங்குதளத்துக்கே சொல்லலாம்: விண்டோஸில் பூட் அமைப்பில் உள்ள ‘பேட் மெமரி லிஸ்ட்’, லினக்ஸில் அதன் மையப்பகுதியான கெர்னலின் ‘மெம்மேப்’ தெரிவு. குறித்துக்கொடுத்த பிறகு, மேலே சொன்ன ஹேஷ் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். மதிப்பு நிலையாக நின்றால் மட்டும் பேக்கப் டிரைவை மாட்டுங்கள்.