ஃபுளோரின் பாலிமரை எம்.ஆர்.ஐ.யில் தெரிய வைப்பது எப்படி: நாகர்கோவில் வட்டார ஆய்வு மாணவர்களுக்கு

மணவாளக்குறிச்சி மணலில் இருந்து பிரிக்கும் மோனசைட்டில் அரியமண் தனிமங்கள் உண்டு. காடோலினியமும் அதில் சிறிதளவு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் மருந்து இன்று பெரும்பாலும் காடோலினியச் சேர்மம்தான். பக்கத்தில் உள்ள நீரின் சிக்னலை மாற்றி, அதன் வழியாகவே அது தெரிகிறது. ஃபுளோரின் அணுக்களைத் தாங்கிய நீண்ட சங்கிலி மூலக்கூறான ஃபுளோரின் பாலிமரோ தன் சிக்னலைத் தானே தருகிறது. எலும்பிலும் பல்லிலும் உள்ள ஃபுளோரைடு இறுகிக் கிடப்பதால் படத்தில் வராது. அதனால் தெரிவதெல்லாம் நாம் செலுத்தியதுதான். இயற்கையில் உள்ள ஃபுளோரின் 100% ஃபுளோரின்-19 ஐசோடோப்புதான், அதன் உணர்திறன் புரோட்டானில் (ஹைட்ரஜன் அணுக்கரு) 83%.

ஃபுளோரினை ஏற்ற ஏற்ற சிக்னலும் கூடும் என்று கணக்குப் போடுவதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. ஃபுளோரின் தொகுதிகளுக்கு நீர் ஆகாது. ரப்பர் பாலில் ஆசிட் விட்டதும் திரள்வது போல அவை நீருக்குள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். சுருண்ட இடத்தில் அசைவு குறையும். அசைவு குறைந்தால் டி2 (சிக்னல் தேய்ந்து மறைய ஆகும் நேரம்) சில மில்லி செகண்டுக்கு இறங்கி, எந்திரம் எக்கோவை, அதாவது திரும்பி வரும் சிக்னலைப் பிடிக்கும் முன்பே சிக்னல் அழிந்துவிடும். ஆகவே டி2-வை மனதில் வைத்துப் பாலிமரை வடிவமையுங்கள். ஃபுளோரின் அலகுகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்காமல், நீரை விரும்பும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) அலகுகளுக்கு இடையே சிதறவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு ஏற்ற அளவுகள் இவை. பெக் அக்ரிலேட் (சராசரி மூலக்கூறு எடை 480) 2.40 கிராம், ட்ரைஃபுளோரோஎத்தில் அக்ரிலேட் 0.77 கிராம், ஒவ்வொன்றும் 5 மில்லிமோல். சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் ராஃப்ட் காரணியாக ப்யூட்டைல் ட்ரைதியோகார்பனேட் வகைப் புரோப்பியானிக் அமிலம் (மூலக்கூறு எடை 238.4) 60 மி.கி., தொடக்கியாக ஏ.ஐ.பி.என். 4.1 மி.கி., டையாக்ஸேன் 8 மி.லி. 4 மி.கி.யைத் தராசில் நம்பி நிறுக்க முடியாது. 41 மி.கி.யை 10 மி.லி. டையாக்ஸேனில் கரைத்து, அதிலிருந்து 1 மி.லி. எடுங்கள், மீதி 7 மி.லி.யைத் தனியாக ஊற்றுங்கள். பழைய டையாக்ஸேனில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், சோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டு மோனோமரிலும் (சங்கிலியாகக் கோக்கப்படும் அந்த இரண்டு அக்ரிலேட்டுகள்) அவை தானாகப் பாலிமராகாமல் இருக்கத் தடுப்பான் கலந்தே வரும். பேசிக் அலுமினா நிரப்பிய சிறு குழாய் வழியாக வடித்த பிறகே நிறுங்கள். எல்லாவற்றையும் கலந்ததும், ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜனை 30 நிமிடம் குமிழியாக விடுங்கள். இங்கே ஒரு கவனம்: ஃபுளோரின் மோனோமரின் கொதிநிலை 92 டிகிரிக்கு அருகில். நம் ஊர் வெக்கையில் வேகமாகக் குமிழி விட்டால் அது நைட்ரஜனோடு பறந்துபோகும், கடைசியில் ஃபுளோரின் கணக்கு இடிக்கும். குடுவையைக் குளிர்ந்த நீரில் வைத்து மெதுவாக விடுங்கள், ஐஸில் வைத்தால் டையாக்ஸேன் உறையத் தொடங்கும். பிறகு 70 டிகிரி எண்ணெய்த் தொட்டி. 2, 4, 6 மணி நேரத்தில் துளி எடுத்துப் புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பாருங்கள், 5.8 முதல் 6.4 பி.பி.எம். வரையுள்ள, இன்னும் இணையாத மோனோமரின் வினைல் கோடுகள் குறைவதே அளவுகோல். சுமார் 85% மாற்றத்தில் ஐஸில் வைத்து, மூடியைத் திறந்து காற்றுப் பட விட்டு நிறுத்துங்கள். 100 சதவீதத்துக்கு இழுத்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைந்து எடைப் பரவல் அகலும். 85 சதவீதத்தில் மூலக்கூறு எடை சுமார் 11,000. சிறுநீரகம் வழியே வெளியேறக்கூடிய அளவு. இந்தச் சேர்மங்கள் உடலில் எளிதில் சிதையாதவை என்பதால் இதை முதலிலேயே யோசித்தாக வேண்டும்.

சுத்திகரிப்பில் பொடி கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். குளிர்ந்த ஈதரில் விட்டால் அடியில் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று படியும், அதுதான் பாலிமர். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 3.5 கிலோடால்டன் பையில் இரண்டு நாள் டயாலிசிஸ், அதன்பின் உறைய வைத்து உலர்த்தல். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பெக் ஈரத்தை இழுக்கும். டெசிகேட்டரில் இருந்து எடுத்த உடனே நிறுக்காவிட்டால் நீரின் எடையையும் பாலிமர் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பாலிமரின் தரம் தெரிவது அடுத்த அளவீட்டில்தான். குளோரோஃபார்மில் எடுத்த ஃபுளோரின் என்.எம்.ஆர். அழகாக இருக்கும், அதை நம்பாதீர்கள், அதில் பாலிமர் விரிந்து கிடக்கிறது. பாஸ்பேட் பஃபரில் 10% கனநீர் சேர்த்து, மி.லி.க்கு 20 மி.கி. கரைத்து, 37 டிகிரியில் எடுங்கள். ஃபுளோரின் எடையில் சுமார் 8.8% என்பதால் கணக்குப்படி 93 மில்லிமோலார் இருக்க வேண்டும். செறிவு தெரிந்த சோடியம் ட்ரைஃபுளோரோஅசிட்டேட்டை மெல்லிய குழாயில் மூடி உள்ளே வைத்து ஒப்பிடுங்கள். அதன் டி1 (துடிப்புக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம்) பாலிமருடையதைவிட மிக நீளம். துடிப்புகளுக்கு இடையே 15 செகண்டாவது விடாவிட்டால் ஒப்பீடு பொய்யாகும். 93 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால், மூன்றில் ஒரு பங்கு ஃபுளோரின் சுருளுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்போது ஃபுளோரின் மோனோமரின் பங்கைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். தொடர் எக்கோக்களைக் கொண்டு அளக்கும் சி.பி.எம்.ஜி. முறையில் டி2 பல பத்து மில்லி செகண்டாவது வர வேண்டும்.

ஃபுளோரின் என்.எம்.ஆர். அலைமாலையில் −74 பி.பி.எம். அருகே அகன்ற மேடு பாலிமருடையது. உள்ளே வைத்த ட்ரைஃபுளோரோஅசிட்டேட்டின் கோட்டைத் தவிர, பக்கத்தில் ஊசி போல மெல்லிய கோடுகள் தெரிந்தால், மோனோமர் மிச்சம் இருக்கிறது அல்லது எஸ்டர் உடைந்து ட்ரைஃபுளோரோஎத்தனால் வந்திருக்கிறது. காரக் கரைசலில் வைத்திருந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

படம் எடுக்க, மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள எந்திரம் போதாது. 3 டெஸ்லாவில் புரோட்டான் 127.7 மெகாஹெர்ட்ஸ், ஃபுளோரின் 120.2, இதற்கென காயிலும் பெருக்கியும் வேண்டும். விலங்கு ஆய்வுக்கான உயர்புல எந்திரம் உள்ள நிறுவனத்தோடு கூட்டாகச் செய்வதே நடைமுறை. போகும்போது 80, 40, 20, 10 மில்லிமோலார் குழாய்களைக் கொண்டுபோங்கள். எந்தக் குழாய்க்குக் கீழே இரைச்சலில் மறைகிறது என்பதே உங்கள் எல்லை. இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பதால், நேரத்தைக் கூட்டும் முன் வோக்சலை (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) பெரிதாக்கிப் பாருங்கள்.

விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். மயக்க மருந்தை அதற்கான விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள்: ஐசோஃபுளூரேனிலும் ஃபுளோரின் இருக்கிறது, கொழுப்பில் தங்கிப் படத்தில் தெரியும். கெட்டமின், சைலசின் கலவை போட்டால் அந்தக் குழப்பம் வராது.